காற்றடித்த கதை

நம் மன்ற இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று இதழாசிரியர் என் அறைக்கு வந்து கேட்டார். "எதைப் பற்றி எழுதுவது?" என்றேன். "உமக்குத் தெரிந்ததைப் பற்றி எழுதும்" என்று சொல்லிப் போய்விட்டார். அங்கேதான் வந்தது தொல்லை! சங்க இலக்கியம் பற்றி எழுத நம் மன்றத்தில் வல்லவர் பலர் உள்ளனர். திரைப்படம் பற்றி எழுதுவோருக்கும் பஞ்சமில்லை. எனக்குத் தெரிந்ததோ காற்று ஒன்றுதான். அதுவும் தென்றல் அன்று. மோட்டார் வண்டியின் டயருக்குள் அடைபடும் காற்று.

அந்தக் காற்றை அமுக்கிச் செலுத்தும் கருவிக்குக் காற்றமுக்கி என்று தூய தமிழில் பெயர் சொல்லலாம். ஆனால் நம் ஜே.சி. சாலைக்குச் சென்று, "ஐயா, காற்றமுக்கி உண்டா?" என்று கேட்டால், கடைக்காரர் நம்மை மருந்துக் கடைக்கு அனுப்பி வைப்பார். ஆகையால், தமிழன்பர்கள் பொறுத்தருள்க. கம்ப்ரசர் என்றே எழுதுகிறேன்.

கதையைத் தொடங்குமுன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியில் சேர்ந்த முதல் நாள், "உன் தந்தையார் என்ன செய்கிறார்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஒருவர் தந்தை வங்கி மேலாளர். மற்றொருவர் தந்தை மருத்துவர். என் முறை வந்தது. "மோட்டார் தொடர்பான வாணிகம்" என்றேன். அது பொய் அன்று. ஆனால் உண்மையும் அன்று. என் அப்பா சாத்தான்குளத்துக்கு அருகே ஒரு சாலை முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் வருவாயில்தான் நான் பெங்களூரில் பொறியியல் படிக்கிறேன்.

ஒருமுறை அப்பா என்னைக் காண ஊரிலிருந்து இரவுப் பேருந்தில் வந்தார். நான் விடியற்காலையிலேயே கலாசிபாளையம் சென்று அவரைச் சந்தித்தேன். அங்கேயே இட்லி வாங்கிக் கொடுத்தேன். "விடுதிக்கு வரட்டுமா?" என்று கேட்டார். "தேர்வு நேரம் அப்பா, அறையில் எல்லாரும் படிப்பார்கள்" என்றேன். அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். ரப்பரும் ஒட்டுப் பசையும் ஊறிக் கறுத்த விரல்கள் அவை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறை போகாது. அன்றைக்கே மாலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார்.

இந்நிலையில், நண்பர் ஒருவருக்கு அவருடைய மாமா தம் பழைய மாருதி ஜிப்சியைக் கொடுத்தார். 1985-ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளிவந்து, காட்டிலாகாவினரும் படைவீரரும் விரும்பி ஓட்டிய வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்லும். வண்டி வந்த அன்றே நண்பர்கள் ஊர்ப்பயணம் பற்றிப் பேசத் தொடங்கினர். "உங்கள் பக்கத்தில் செம்மணல் தேரி இருக்கிறதாமே! அங்கே போவோம்" என்றார் வண்டிக்காரர். என்னால் மறுக்க முடியவில்லை. அப்பாவிடம் தொலைபேசியில், "இரண்டு மூன்று நண்பர்களோடு அந்தப் பக்கம் வருகிறேன், மறுநாள் வீட்டுக்கு வருவேன்" என்று மட்டும் சொன்னேன்.

மணலில் வண்டி ஓட்டுவோர் முதலில் செய்ய வேண்டியது டயரிலிருந்து காற்றை இறக்குவது. ஏன் என்று கேட்கலாம். வண்டியின் எடையை டயர் தரையில் பதியும் பரப்புத்தான் தாங்குகிறது. காற்றைக் குறைத்தால் டயர் சற்றுத் தளர்ந்து, பதியும் பரப்பு நீளும். எடை பரவலாக இறங்குவதால் சக்கரம் புதையாது. ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் இதற்காகவே. தார்ச் சாலையில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம் இருந்தால், மணலில் அதைப் பாதியாக்க வேண்டும். இறக்குவது எளிது, வால்வில் ஒரு குச்சியை வைத்தால் போதும். ஆனால் தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் ஏற்றியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு விரைந்து சென்றால், அதன் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து சூடேறிக் கிழிந்துபோகும். மணற்காட்டின் ஓரத்தில் பெட்ரோல் நிலையம் ஏது? ஆகவே கம்ப்ரசரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

"உன் தந்தையார்தாம் மோட்டார் வாணிகம் செய்பவராயிற்றே! நீயே தேர்ந்தெடு" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினர். சனிக்கிழமை ஜே.சி. சாலைக்குச் சென்றோம். கலாசிபாளையத்துக்கு அருகேதான் அந்தச் சாலை. அப்பாவுக்கு இட்லி வாங்கிக் கொடுத்த கடையைத் தாண்டித்தான் நடந்தோம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கடையில் பலவகைக் கம்ப்ரசர்களை எடுத்துப் பரப்பினார்கள். சில உள்ளங்கையளவு, சில செங்கல்லளவு. முதியவரான கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில், "எந்த வண்டி? எத்தனை டயருக்கு ஒரே வேளையில் அடிக்க வேண்டும்?" என்று கேட்டார். அறிவுள்ள கேள்வி. ஆனால் நான் பொறியியல் மாணவன் அல்லவா? "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்றேன். ஒரு பெட்டியில் 150 பவுண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மின்விளக்கும் இருந்தது, விலையும் குறைவு. எங்கள் டயருக்கு வேண்டியது 30 பவுண்டு. இதுவோ 150! ஐந்து மடங்கு வலிமை உள்ளது என்று முடிவு செய்து வாங்கிவிட்டேன். அப்பாவிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். தொலைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் நண்பர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

ஓசூர், சேலம், மதுரை, திருநெல்வேலி என்று 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மறுநாள் சேர்ந்தோம். சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடைப்பட்ட குதிரைமொழித் தேரியைக் காணாதவர் ஒருமுறை காண வேண்டும். காற்றே கொணர்ந்து குவித்த மணல் அது. ஒவ்வொரு மணலும் இரும்புத் துரு பூசிச் சிவந்து, மாலை வெயிலில் குங்குமம் கொட்டியதுபோல் தோன்றும். காப்புக்காட்டுக்குள் வண்டியைச் செலுத்தாமல், ஓரத்துப் பனங்காட்டு வண்டிப்பாதையிலேயே சென்றோம். நான்கு டயர்களையும் 15 பவுண்டுக்கு இறக்கியிருந்தோம். ஜிப்சி படகுபோல் மிதந்தது. நண்பர்கள் கூவி மகிழ்ந்தனர். நானும் கூவினேன்.

தார்ச் சாலை ஓரத்துக்கு வந்து கம்ப்ரசரை எடுத்தோம். சுருட்டுப் பற்றவைக்கும் துளையில் அதன் செருகியைச் செருகிப் பொத்தானை அமுக்கினேன். "டடடட" என்று பெரிய முழக்கம்! முதல் டயர் 30 பவுண்டு ஏற 9 நிமிடம் பிடித்தது. கருவியைத் தொட்டேன், கை சுட்டது. பொறுமையின்றி இரண்டாம் டயருக்கு மாற்றினேன். முள் 22-ஐத் தொட்டதும் முழக்கம் நின்றது, பியூஸ் போய்விட்டது. வேறு பியூஸ் போட்டு மீண்டும் அமுக்கினேன். இம்முறை முழக்கம் வரவில்லை. கருகிய மணம்தான் வந்தது. ஒரு டயரில் 30, ஒன்றில் 22, இரண்டில் 15. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

அவ்வழியே மிதிவண்டியில் வந்த ஒரு பெரியவரை வண்டிக்காரர் நிறுத்திக் கேட்டார். "நேரா போனா ஏழெட்டுக் கிலோமீட்டர்ல முக்கு வரும். அங்க ஒரு பஞ்சர் கடை உண்டும். நல்ல மனுசன், ராத்திரின்னாலும் எந்திரிச்சி வருவாரு" என்றார் அவர். எந்தக் கடை என்று எனக்குத் தெரியாதா? நான் வாய் திறக்கவில்லை. வண்டி நடை வேகத்தில் ஊர்ந்தது. அந்த ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் எத்தனையோ முறை சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு முறையும், "அடுத்த பனைமரம் வரட்டும்" என்று ஒத்திப்போட்டேன். தேரிக்காட்டில் பனைமரத்துக்கா பஞ்சம்!

கடைக்கு முன் வண்டி நின்றது. தொங்கிய பழைய டயர், தண்ணீர்த் தொட்டி, மூலையில் உருளைத் தொட்டியோடு கூடிய கம்ப்ரசர். எல்லாம் நான் பிறந்தது முதல் கண்டவை. அப்பா உள்ளிருந்து வந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நண்பர்களின் முகங்களைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் அவரைத் தெரிந்துகொண்ட குறி ஏதும் இல்லை. ஒரு நொடிதான். கலாசிபாளையத்தில் நான் சொல்லாமல் விட்டது முழுவதையும் அந்த ஒரு நொடியில் அவர் படித்துவிட்டார்.

"வாங்க தம்பி, காத்தா, பஞ்சரா?" என்று வண்டிக்காரரைப் பார்த்துக் கேட்டார். என்னை அவர் திரும்பவும் பார்க்கவில்லை. முன்பின் அறியாதவனைப்போல் என்னை விட்டுவிட்டார்!

குழாயை இழுத்து வந்து ஒவ்வொரு டயராக அமர்ந்து காற்றடித்தார். ஒரு டயருக்கு ஒரு நிமிடங்கூட ஆகவில்லை. அளவுமானியை வைத்துப் பார்த்தார், வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் கசிவு உண்டா என்று சோதித்தார், மூடியைத் திருகினார். "எவ்வளவு?" என்று வண்டிக்காரர் பணத்தை நீட்டினார். "நாப்பது ரூவா குடுங்க தம்பி" என்றார் அப்பா.

அந்த நாற்பது ரூபாய்தான் என்னை உடைத்தது. அவர் என் பொய்யை எனக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். விலையையும் அதற்கு ஏற்பவே கேட்டார்.

"பணத்தை உள்ளே வை. இவர் என் அப்பா" என்றேன்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. யாரும் பேசவில்லை. அப்பா குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். பிறகு, "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராவது காசு வாங்குவாங்களா? வாங்க, சாப்பிடுவோம்" என்று சொல்லிக் கடை விளக்கை அணைத்தார்.

இரவு உணவுக்குப் பின், கருகிய கம்ப்ரசரை வண்டிக்காரர் அப்பாவிடம் காட்டினார். அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூத்தம்பது பவுண்டுன்னு பாத்து வாங்கினியாக்கும்?" என்று என்னைக் கேட்டார். "ஒன் டயருக்கு முப்பது போதும். நூத்தம்பது எதுக்குல? நிமிசத்துக்கு எவ்வளவு காத்து குடுக்கும், ஓய்வில்லாம எத்தனை நிமிசம் ஓடும், அதைல்லா கேக்கணும்?"

ஜே.சி. சாலை முதியவர் கேட்டதும் ஏறத்தாழ இதுதான். நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஜிப்சியின் டயருக்குள் ஏறக்குறைய 40 லிட்டர் இடம் இருக்கிறது. கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு. ஆகவே 15-லிருந்து 30-க்கு ஏற்றுவது என்றால், வெளிக்காற்றில் இன்னும் ஒரு 40 லிட்டரை உள்ளே அடைப்பது என்று பொருள். 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதியின்படி வரும் கணக்கு இது. நான்கு டயருக்கு 160 லிட்டர். என் கருவி 9 நிமிடத்தில் 40 லிட்டர் கொடுத்தது. நிமிடத்துக்கு நாலரை லிட்டர். நான்கு டயருக்கு 36 நிமிடம் அது ஓடியிருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். சிறிய பிஸ்டன் அந்தச் சூட்டை 10 நிமிடத்துக்கு மேல் தாங்காது. பாயில் விதியை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அப்பா அதைக் கேள்விப்பட்டதேயில்லை. ஆனால் கடையில் தவறியவன் நான்!

கடையிலுள்ள பெரிய கருவிக்கு உருளைத் தொட்டி எதற்கு என்பதையும் அன்றைக்குத்தான் நண்பர்களுக்கு விளக்கினார். ஆளில்லாத நேரத்தில் மோட்டார் காற்றைச் சேர்த்து வைக்கிறது; வண்டி வந்ததும் சேர்த்ததைச் செலவழிக்கிறோம். அமுங்கிய காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகித் தொட்டியின் அடியில் தங்கும். நாள்தோறும் காலையில் அடிக்குழாயைத் திறந்து அதை வடிக்க வேண்டும். இல்லையேல் தொட்டி துருப்பிடிக்கும். சிறுவயதில் அந்தச் சீற்றொலி கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன்.

பெங்களூர் திரும்பியதும் மறுபடி அந்த முதியவரிடமே சென்றோம். இம்முறை அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பணிவோடு விடை சொன்னேன். அழுத்தமின்றி நிமிடத்துக்கு 70 லிட்டர் கொடுக்கும், வண்டியிலேயே பொருத்தத்தக்க ஒரு கருவியைக் காட்டினார். டயரின் எதிரழுத்தத்தில் அந்த அளவு குறையும். அப்போதும் ஒன்றரை நிமிடத்தில் ஒரு டயர் நிறையும் என்றார். ஆனால் அதற்கு 30 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சுருட்டுத் துளையின் மெல்லிய கம்பி அதற்குத் தாங்காது. நேரே பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும்.

கம்பி எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும்? இது என் பாடம். போக வர 6 மீட்டர் செம்புக் கம்பி. பருமன் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் என்றால், 30 ஆம்பியர் ஓடுகையில் கம்பியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் வீணாகும். 12 வோல்ட்டில் 2 போனால் மோட்டார் திணறும்; கம்பியும் சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் இழப்பு அரை வோல்ட்டே. எஸ்.பி. சாலைக்குச் சென்று அந்தக் கம்பியும், 40 ஆம்பியர் பியூஸும், ஒரு ரிலேயும் வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி வாயிலில் வேலை தொடங்கியது. அப்பா தொலைபேசியின் திரையில் அமர்ந்து மேற்பார்த்தார். "சைலன்சர் குழாய்ப் பக்கம் வைக்காத, சூடு ஏறும். கீழயும் வைக்காத, ஆத்துத் தண்ணி ஏறும். மூச்சு வாங்குற எடத்துல புழுதி அடிக்கக்கூடாது" என்றார். இவற்றையெல்லாம் தவிர்த்து எஞ்சின் அறையின் மேல் மூலை ஒன்றைக் கண்டுபிடித்தோம். தடித்த இரும்புத் தகட்டை வளைத்து, அதிர்வு தாங்க ரப்பர் வைத்து, கருவியை முடுக்கினோம். பியூஸைப் பாட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தொலைவுக்குள் வைத்தோம். கம்பி எங்கேனும் உரசித் தேய்ந்தால் நெருப்புப் பற்றாமல் அது காக்கும். தகட்டுத் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் போட்டோம். ரிலே இருப்பதால் முகப்புப் பொத்தானுக்குச் சிறு மின்னோட்டமே போதும். எதிர்முனைக் கம்பியையும் உடற்கூட்டில் முடிக்காமல் பாட்டரிக்கே கொண்டுபோனோம்.

"எஞ்சினை ஓடவிட்டுட்டு அடி. இல்லன்னா காத்து ஏறும், பாட்டரி எறங்கும்" என்றார் அப்பா கடைசியாக. நான்கு டயர்களையும் 15-க்கு இறக்கி மீண்டும் ஏற்றிப் பார்த்தோம். இடையில் சற்று ஓய்வு கொடுத்தும் 10 நிமிடத்துக்குள் முடிந்தது. திரையில் அப்பா சிரித்தார். விடுதி நண்பர்கள் கைதட்டினர்.

அப்பாவுக்கு நான் திருப்பிக் கொடுத்தது ஒன்று உண்டு. பெங்களூரில் அளந்து அடித்த காற்று ஊருக்கு வந்ததும் ஒரு பவுண்டு, ஒன்றரைப் பவுண்டு குறைவாகக் காட்டுவதை அவர் பல வண்டிகளில் கண்டிருக்கிறார்; காரணம் தெரியாது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இங்கே சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 13.2 பவுண்டுதான். அளவுமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. கடற்கரைப் பக்கம் வந்தால் வெளியழுத்தம் கூடும். முள் ஒன்றரைப் பவுண்டு இறங்கும். வெயிலில் டயர் சூடேறியிருந்தால் அந்தக் குறை தெரியாமலும் போகும். இதை விளக்கியபோது அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்து, "அதுதானா! இருவது வருசமா டயர்ல கசிவு தேடிட்டு இருந்தேன்" என்றார்.

1887-ஆம் ஆண்டு, பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டுமென்று ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார் என்று படித்திருக்கிறேன். என் அப்பாவும் அந்த வேலையைத்தான் செய்து வருகிறார்.

சென்ற மாதம் அப்பா மீண்டும் பெங்களூர் வந்தார். கலாசிபாளையத்திலிருந்து நேரே விடுதிக்கே அழைத்து வந்தேன். சிற்றுண்டி முடிவதற்குள் ஒருவர் காற்றுப்போன தம் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அப்பா, இதைச் சற்றுப் பார்க்கிறீர்களா?" என்று தயங்கிக் கேட்டார். பின்னாலேயே இன்னொருவர் வந்தார். மாலைக்குள் ஏழு மிதிவண்டிகள் சரியாயின. எட்டாவதற்கு ஒட்டுப் பசை தீர்ந்துவிட்டது. அதை வாங்கிவர வங்கி மேலாளரின் மகன் ஓடினார்.